வேற்காட்டில் வேலமரம் எங்கே?

சென்னைக்கு மேற்கே, ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பேருந்தில் ஏறி, வழியில் வரும் ஊர்களின் பெயர்களை ஒரு முறை காதுகொடுத்துக் கேளுங்கள். பருத்திப்பட்டு, காடுவெட்டி, சற்று உள்ளே ஒதுங்கித் திருவேற்காடு. பூவிருந்தவல்லியைத் தாண்டினால் மாங்காடு. ஆவடிக்கு அப்பால் இருப்புப்பாதை ஓரத்தில் வேப்பம்பட்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் திருமுல்லைவாயில். மரமும் கொடியும் காடுமாய் நம் முன்னோர் இம்மண்ணைப் பெயரிட்டு அழைத்திருக்கிறார்கள். வேற்காடு என்றால் வேலமரங்கள் அடர்ந்த காடு. அவ்வூர்க் கோயிலின் தலமரமும் வெள்வேல மரமே. காடுவெட்டி என்பது பல்லவர்க்குரிய பட்டப்பெயர்களுள் ஒன்று. காட்டின் பெயரும் காட்டை வெட்டியவரின் பெயரும் அடுத்தடுத்த நிறுத்தங்களாக நிற்கின்றன. ஆனால் வேற்காட்டில் இன்று வேலமரத்தைத் தேடுகிறவன் கண்ணில் படுவது பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேலமே. வெட்டுவதை மறவாத நாம் நடுவதை மட்டும் ஏன் மறந்தோம்?

"மறக்கவில்லையே, ஆண்டுதோறும் சூன் ஐந்தாம் நாள் நடுகிறோமே" என்பீர்கள். உண்மைதான், நடுகிறோம். எப்படி நடுகிறோம் என்பதுதான் என் வழக்கு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் மரம் நடு விழா நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, புகைப்படம் எல்லாம் இருந்தன. இருநூறு கன்றுகள் ஒரே நாளில் ஊன்றப்பட்டன. கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கிய நிலம் அது; கடப்பாரை இறங்குவதற்கே அரைநாள் பிடித்தது. அந்தக் குழிகளில் குல்மோகரும் பாதாமும் அழகுப் பனையும் வைத்தார்கள். அடுத்த கோடை முடிந்தபின் அவ்வழியே சென்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று உயிரோடிருந்தன. அதே குழிகளில் அவ்வாண்டும் விழா நடந்தது. அதே வகைக் கன்றுகள் வந்தன. எத்தனை கன்றுகள் என்ற கேள்விக்கு அழைப்பிதழிலேயே விடை இருந்தது. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடும் எவரும் இலையையும் பூவையும் மட்டும் பார்த்தால் போதாது. வேரைப் பார்க்க வேண்டும். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன். பயிருக்குத் தழைச்சத்தாவது இதுவே. ஆயினும் காற்றிலுள்ள நைட்ரசனை எந்த மரமும் நேரடியாக உண்ண முடியாது. இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அப்பிடியைத் தளர்த்தவே மனிதன் பெரும் ஆலைகளைக் கட்டினான். நம் மணலி போன்ற இடங்களில் யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்ய நானூறு, ஐந்நூறு பாகை வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அதே வேலையை ஒரு புங்கமரத்தின் வேர், சாதாரண மண்ணின் சூட்டில், ஓசையின்றிச் செய்துவிடுகிறது. தனியே அன்று, ரைசோபியம் என்னும் நுண்ணுயிரின் துணையோடு. மரம் தன் இலைகளில் சமைத்த சர்க்கரையை அதற்குக் கொடுக்கிறது. அது காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தை மரத்துக்குக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடமே வேர்முடிச்சு. உயிருள்ள ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே செந்நிறம் தெரியும். நம் குருதியைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளே அந்த நிறத்துக்குக் காரணம்.

நம் உழவர் இதை நூல் படித்து அறியவில்லை. நெல் நடுமுன் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். கொளுஞ்சியையும் புங்கந்தழையையும் சேற்றில் மிதித்தார்கள். வெற்றிலைக் கொடிக்கு அகத்தியையும் கல்யாண முருங்கையையும் துணையாக நட்டார்கள். இவை எல்லாமே வேர்முடிச்சு உடையவை. ரைசோபியம், நைட்ரசன் என்றெல்லாம் பேசாமலே அவர்கள் கைக்கு அது தெரிந்திருந்தது. பட்டணத்துக்குக் குடிவந்த நம் கைக்கு அது மறந்துபோயிற்று.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். காய் நெற்றாகத் தொங்கினால் அம்மரம் மண்ணுக்கு உரம் சேர்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. புளியமரத்தின் வேரில் முடிச்சுகள் தோன்றுவதில்லை. சரக்கொன்றையிலும் இல்லை. நம் விழாக்களின் செல்லப்பிள்ளையான, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த குல்மோகரிலும் இல்லை. அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. புளியின் அருமை நமக்குத் தெரியாததா? ஆனால் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கலந்த வறிய மேட்டில், முதல் வேலையாளாக இறங்கி மண்ணை ஆக்கும் பணி அவற்றுக்குரியதன்று. மறுபுறம், நெற்றே இல்லாத சவுக்கு, பிராங்கியா என்னும் வேறொரு நுண்ணுயிரைத் துணைகொண்டு கடற்கரை மணலிலும் தழைச்சத்துப் பிடிக்கிறது. தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடுவது மரங்களிடத்திலும் தவறாகவே முடிகிறது.

காடு இந்த மரங்களை எவ்வாறு பயன்படுத்துகிறது என்று பார்ப்போம். பனாமா நாட்டில், மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்டுப் பின்பு கைவிடப்பட்ட நிலங்களில் காடு தானாக மீள்வதை ஆய்ந்த அறிஞர்கள் 2013இல் தம் முடிவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் அக்காடு எக்டேருக்கு ஐம்பதாயிரம் கிலோ கரிமத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டது. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதியைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்தவை வேர்முடிச்சு மரங்களே. வெட்டவெளியாய்க் கிடந்த இடத்தில் அவையே முன்னே வளர்ந்தன. அவற்றின் சருகு மக்கி மண்ணாயிற்று. அம்மண்ணில் பிற மரங்கள் எழுந்தன. காடு முதிர்ந்து, மண்ணில் தழைச்சத்துச் சேர்ந்தபின், இம்மரங்கள் அவ்வேலையைக் குறைத்துக்கொண்டன. முடிச்சை வளர்ப்பது மரத்துக்குச் செலவு. தேவை இருக்குமளவும் செலவிடும், தேவை தீர்ந்தால் நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் வெப்பமண்டலக் காட்டில் அவை வெறும் மரங்களல்ல, காட்டைத் தொடங்கி வைப்பவை என்கிறோம்.

பனாமாவுக்கு ஏன் போக வேண்டும்? நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. 1968இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் மழையால் அரிக்கப்பட்டுச் செம்மண் பள்ளத்தாக்குகளாகப் பிளந்து கிடந்தது. அங்குக் குடியேறியவர்கள் முதலில் வரப்பெழுப்பி மழைநீரைத் தடுத்தார்கள். பின்பு கத்திச் சவுக்கு எனப்படும் ஆஸ்திரேலிய வேல் போன்ற, தழைச்சத்துப் பிடிக்கும் மரங்களை நட்டு நிழலும் சருகும் உண்டாக்கினார்கள். அந்நிழலின் கீழே நம் சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களை, பாலை, வீரை, காசா, கருங்காலி என மெல்ல மெல்லச் சேர்த்தார்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் அடித்தபோது அந்த அயல் வேல்மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. ஆனால் அவற்றின் கீழே ஒரு காடு காத்திருந்தது. முதலில் வந்தவை விழுந்தபின்னும் வேலை வீணாகவில்லை. நம் விழாக்களில் கன்று பட்டுப்போனால் எஞ்சுவது என்ன? பெயர்ப்பலகை ஒன்றுதான்.

இனி, நம் ஏரிக்கரைகளின் வழக்குக்கு வருகிறேன். சீமைக் கருவேலத்தின் மீது நம் மக்களுக்குள்ள கோபம் நாடறிந்தது. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், மழையை விரட்டிவிடும், நம்மை வறுமையில் ஆழ்த்த அயல்நாட்டார் வானூர்தியிலிருந்து தூவிய விதை அது என்றெல்லாம் மேடையிலும் கைப்பேசியிலும் சொல்கிறார்கள். உண்மை வேறு. நடு, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த அம்மரத்தின் விதை 1877ஆம் ஆண்டு வாக்கில், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில், வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டுமென்று விதைக்கப்பட்டது. பின்னாளில் விறகுப் பஞ்சத்தின் பொருட்டு நாமும் அதைப் பரப்பினோம். ஏழைகளின் அடுப்பு பல பத்தாண்டுகள் அதனால் எரிந்தது. இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டு இன்றும் பிழைப்போர் உண்டு. நாம் அழைத்து வந்ததை மற்றவர் சதி என்பது நேர்மையன்று.

2017இன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் அம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. எங்கும் பொக்லைன்கள் இறங்கின. அதே ஆண்டிலேயே நீதிமன்றத்தின் சென்னை அமர்வு அப்பணியை இடைநிறுத்தி வல்லுநர் கருத்தைக் கேட்டது. 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுதல், மீட்டல் என்னும் இரண்டு சொற்களில் நம்மவர்க்குப் பிடித்தது முதற்சொல் மட்டுமே. பொக்லைன் வருகிறது, ஒரே நாளில் ஏரிக்கரை மொட்டையாகிறது, வேர் பாதியில் அறுந்து மண்ணுக்குள் கிடக்கிறது. ஐப்பசி மழையில் கரை அரிக்கிறது. தை பிறக்குமுன் அறுந்த கட்டையிலிருந்து அதே முள் நான்கு கிளையாகத் துளிர்க்கிறது. வெயிலை விரும்பும் அம்மரத்துக்கு வெட்டவெளியைப் போல் உகந்த இடம் வேறில்லை. பகைவனுக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

இதற்கு எதிர்த்தரப்பும் ஒன்று உண்டு, படித்தவர்களின் தரப்பு. "அது தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் மரம், பறவைக்கு நிழல் தரும் மரம், ஆகவே விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். முற்பாதி மெய். அதன் வேரிலும் முடிச்சு உண்டு. அதன் அடியிலுள்ள மண்ணில் தழைச்சத்து மிகுந்திருப்பதும் மெய். ஆனால் முன்னே சொன்னதை நினைத்துப் பாருங்கள். காட்டில் முன்னோடி மரத்தின் சிறப்பு, அது கொடுப்பதில் மட்டுமில்லை. பிறர்க்கு இடம் விடுவதிலும் இருக்கிறது. சீமைக் கருவேலம் கொடுக்கிறது, இடம் விடுவதில்லை. அதன் இலைச்சருகில் கசியும் பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. அதன் முட்புதர் ஒளியை மறைக்கிறது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. தான் செழிப்பாக்கிய மண்ணைத் தானே ஆள நினைக்கும் கொடையாளி அது.

தழைச்சத்துப் பிடிக்கும் மரம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு நம் மலைகளும் சான்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள், வறிய மண்ணிலேயே வாழப் பழகிய புல்வெளிகளை விழுங்கிவிட்டன. அப்புல்வெளிகளே சோலைக் காடுகளோடு சேர்ந்து நம் ஆறுகளுக்கு நீர் கொடுத்தவை. இம்மலைகளில் அயல் தாவரங்கள் எவை என்று அமர்ந்து எண்ணி எழுதியவர் நம்மவருள் ஒருவர்: திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தாவர மையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ. கொடைக்கானலின் அயல் தாவரங்களைப் பற்றிய அவரது நூல் 1969இல் வெளிவந்தது. தமிழகச் சமவெளியின் செடிகொடிகளையும் பின்னர் தொகுதி தொகுதியாக எழுதினார். எந்த மண்ணில் எது இயல்பு என்று அறிய விரும்புவோர்க்கு அடித்தளம் அவரைப் போன்றோர் இட்டது. இருந்தும் நம் பள்ளி, விடுதி, கல்லறைத் தோட்ட வளாகங்களில் ஒரு குழி தோண்டுமுன் அவர் நூலைப் புரட்டியவர் எத்தனை பேர்?

அப்படியானால் நம் ஊர்களில் எங்கே, எதை நடுவது? ஒரே விடை எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. மேற்குப் புறநகரில் குறைந்தது மூன்று வகை நிலம் நம்முன் இருக்கிறது.

முதலாவது, கழிவுநீர் கலக்கும் ஏரிகளின் நீர்ப்பரப்பு. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தழைச்சத்துக் குறைவால் வந்ததன்று, மிகுதியால் வந்தது. சாக்கடை கொண்டுவரும் சத்தைத் தின்றே அது கொழுக்கிறது. அங்கே மேலும் தழைச்சத்துச் சேர்க்கும் மரம் எதற்கு? அங்கு வேண்டுவது கன்றன்று, கழிவுநீர்க் குழாயை அடைப்பது. அதைச் செய்யாமல் கரையில் கன்று ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வதை நான் ஏமாற்று என்பேன்.

இரண்டாவது, ஏரிக்கரையும் நீர் வந்து வற்றும் ஓரங்களும். இங்கே நம் நாட்டுக் கருவேலம் இருக்கையில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. சில மாதம் நீரில் நிற்கவும், சில மாதம் வறட்சியில் நிற்கவும் அது பழகியது. சுவீடன் நாட்டு உதவியுடன் 1981இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழகத்து ஏரிகளில் நட்டது இதைத்தான். திருநெல்வேலிக் கூந்தங்குளத்தில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும் இதன் கிளைகளில்தான். கரைமேல் புங்கமும் அதனிடையே வேம்பும் இலுப்பையும் வரலாம். சீமைக் கருவேலத்தை அகற்றுவதாயின் ஒரு பகுதியை வேரோடு அகற்றி, அங்கு நாட்டு மரம் நிழல் கட்டியபின் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஒரு நாள் வேலை பத்தாண்டு வேலையாகும். அதுவே உண்மையான வேலை.

மூன்றாவது, நம் கையிலேயே உள்ள நிலம். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த நாள் முதல், வயலும் தோப்பும் மனைகளாக மாறி, இடிபாடு கொட்டி மேடாக்கப்பட்ட பள்ளி வளாகங்கள், ஆலய முற்றங்கள், குடியிருப்புச் சாலையோரங்கள். தழைச்சத்துப் பிடிக்கும் மரங்கள் முதலில் இறங்க வேண்டிய களம் இதுவே. புங்கம், வாகை, உசிலை, கல்யாண முருங்கை, ஓரத்தில் அகத்தி. குழியில் மக்கிய எருவும், மணிச்சத்துக்கு எலும்புத்தூளும் இடுங்கள். மணிச்சத்து இன்றி வேர்முடிச்சு வேலை செய்யாது. முதிர்ந்த புங்கமரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கன்றின் குழியில் போடுங்கள். நுண்ணுயிர் அதனோடு வரும். யூரியா போடாதீர்கள், இலவசமாகக் கிடைக்கும்போது எந்த வேரும் உழைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். காற்றிலிருந்து மரம் பாடுபட்டுப் பிடித்ததை மீண்டும் காற்றுக்கே அனுப்பும் அறிவீனம் அது. நம் வளாகங்களில் தூய்மை என்ற பெயரால் நாள்தோறும் காலையில் நடப்பது அதுவே.

நான்கைந்து ஆண்டுகள் சென்று நிழல் கட்டியதும் அதனடியில் பாலையும் வீரையும் நாவலும் வையுங்கள். பின்பு முன்னோடி மரங்களின் கிளையைக் கழித்து, கீழே வளர்பவைக்கு ஒளி விடுங்கள். தாம்பரத்துக்கு 1937இல் இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் இன்று நடந்து பாருங்கள். புதர்க்காட்டை வெட்டித் தள்ளாமல் பேணியும், மரங்களைச் சேர்த்தும் வந்த ஒரு நிறுவனம் எதைப் பெற முடியும் என்பது தெரியும். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

"இவ்வளவு கணக்குப் பார்த்தால் விழா எப்படி நடத்துவது?" என்று கேட்பார்கள். விழாவை நடத்த வேண்டாம் என்பதே என் விடை. சூன் மாதக் கத்திரி ஓயாத வெயிலில் நம் பகுதியில் கன்று நடுவதே பிழை. நம் மழை வடகிழக்கிலிருந்து வருவது. நடவுக்குரிய காலம் புரட்டாசி இறுதியும் ஐப்பசியும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் தெருத்தெருவாய்ச் சாய்ந்து கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வேர் ஓட இடமின்றி, சிமெண்டுக் கட்டுக்குள் அடைத்து வளர்த்தோம். விழுந்தபின் மரத்தைக் குறை சொன்னோம்.

ஆகவே வாசக அன்பர்கள் அடுத்த முறை மரம் நடு விழாவுக்கு அழைக்கப்படும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டுகிறேன். இம்மண்ணில் என்ன குறை? அக்குறையை இம்மரத்தின் வேர் தீர்க்குமா? மூன்று கோடைக்கு இதற்கு நீர் ஊற்றுபவர் யார்? விடை கிடைக்காவிடில் பொன்னாடையை ஏற்காமல் திரும்பி வாருங்கள். வரும் வழியில் ஏதேனும் ஒரு புங்கமரத்தடியில் நின்று, விழுந்து கிடக்கும் நெற்றுகளில் பத்தைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். பத்தில் ஐந்து முளைத்து, ஐந்தில் இரண்டு நிலைத்தாலும், இருநூற்றில் பதினொன்று பிழைத்த அந்த விழாவைவிட அது மேலான கணக்கு.